கொதிகலத்துக்குள் செவியிழந்தோர்

ரஜூலா என்னும் கப்பலைப் பற்றி நம் கடற்கரை ஊர்களின் முதியோர் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் போய்வந்த அந்தக் கப்பல், எத்தனையோ குடும்பங்களின் பிரிவுக்கும் சந்திப்புக்கும் காரணமாக இருந்தது. அது 1926-ஆம் வருஷம், ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில், கிளைட் நதிக்கரையில் இருந்த பார்க்லே கர்ல் கம்பெனியாரின் தளத்தில் கட்டப்பட்டது. எஃகுத் தகடுகளை உருக்கி ஒட்டவைக்கும் வெல்டிங் முறை கப்பல் தொழிலில் வேரூன்றாத காலம் அது. ஒவ்வொரு கப்பலின் உடலும், அதன் வயிற்றில் நீராவியை உண்டாக்கிய ஒவ்வொரு கொதிகலமும், பழுக்கக் காய்ச்சிய ரிவெட் ஆணிகளை லக்ஷக்கணக்கில் அடித்து அடித்தே இணைக்கப்பட்டன. அந்த அடிகளின் ஓசையில், அவற்றை அடித்த மனிதர்கள் தம் செவிகளை இழந்தார்கள். ஆங்கிலேயர் அந்த ஊனத்துக்குக் ‘கொதிகலத் தொழிலாளர் செவிடு’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். தொழிலின் பெயராலேயே நோய் அழைக்கப்படும் அளவுக்கு அது சகஜமாகியிருந்தது என்பதும், அப்படிச் சகஜமானதே அதற்குப் பரிகாரம் தேடாமைக்குக் காரணமாயிற்று என்பதுமே இங்கே நான் சொல்ல வருகிற விஷயம்.

ரிவெட் வேலை தனி ஒருவனால் ஆவதன்று. அது ஒரு குழுவின் வேலை. சிறு உலையில் ஆணியைச் செந்நிறமாகக் காய்ச்சிக் கொடுக்க ஒரு பையன். தகடுகளின் துவாரங்களுக்குள் புகுந்த ஆணியின் தலையை உட்புறமிருந்து கனத்த இரும்பால் அழுத்திப் பிடிக்க ஒருவன். வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முனை குளிர்வதற்குள் மாறி மாறிச் சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்க இருவர், அவர்களில் ஒருவன் வலக்கைக்காரன், மற்றவன் இடக்கைக்காரன். இத்தனை ஆணிக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடப்பட்டதால், ஓய்ந்து நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் கூலியில் நஷ்டம். ரிவெட் அடித்து முடிந்த பின்பு, தகடுகளின் விளிம்புகளை உளியால் தட்டித் தட்டி நீராவி கசியாதபடி அடைக்கும் வேலை வேறு இருந்தது.

இந்தக் குழுவில் மிகவும் பரிதாபத்துக்குரியவன் ஆணியை உள்ளிருந்து தாங்கிப் பிடித்தவன்தான். கப்பலின் பக்கச் சுவரிலாவது ஓசை ஆகாயத்தில் கலந்து போக வழியுண்டு. கொதிகலமோ நாற்புறமும் இரும்பு சூழ்ந்த ஒரு குகை. அதற்குள் குனிந்தும் முழங்காலிட்டும் அவன் ஆணியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்க, ஒரே சமயத்தில் பல சம்மட்டிகள் வெளியே விழுந்துகொண்டிருக்கும். அடிபடுகிற ஆணிக்கும் அவன் காதுக்கும் இடையே சில அங்குலங்களே இருக்கும். காற்றின் வழியாக வந்த ஓசை போதாதென்று, அவன் மிதித்து நின்ற தகடும், சாய்ந்திருந்த சுவரும், கையில் பிடித்திருந்த இரும்பும் அதிர்ந்து, அந்த அதிர்வு எலும்புகளின் வழியாகவும் அவனுடைய உட்செவியைச் சென்று சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காற்றழுத்தத்தால் இயங்கும் சம்மட்டிகள் வந்து மனிதக் கரத்தின் சிரமத்தைக் குறைத்தன என்பது உண்மை. ஆனால் அவை செவிக்கு ஒரு சலுகையும் காட்டவில்லை. விட்டு விட்டு விழுந்த அடி, இடைவிடாத அடியாக மாறிற்று.

உலோகம் தட்டுவோர் செவிடாகிறார்கள் என்பது கிளைட் நதிக்கரையில் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியன்று. இத்தாலி தேசத்து வைத்தியரான பெர்னார்டினோ ரமஸினி, தொழிலாளரின் வியாதிகளைப் பற்றி 1700-இல் வெளியிட்டு 1713-இல் விரிவாக்கிய தம் நூலில், வெனிஸ் நகரத்துச் செம்புக் கொல்லர்களை வர்ணித்திருக்கிறார். ஒரே வட்டாரத்தில் கூடி வாழ்ந்து, தரையில் அமர்ந்து, நாள் முழுவதும் செம்பைத் தட்டிக்கொண்டிருந்த அவர்களுடைய செவிகள் வரவர மந்தமாகி, முதுமையில் முற்றும் கேளாமற் போயின என்று அவர் எழுதினார். நம்முடைய ஊர்களில் கன்னார் தெருவின் வழியாக நடந்து பழகியவர்களுக்கு அந்த வர்ணனை அந்நியமாகத் தோன்றாது. நோயாளியிடம் வைத்தியன் கேட்க வேண்டிய புராதனமான கேள்விகளோடு, ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளும்படி வைத்திய உலகத்துக்கு உபதேசித்த மகான் அவர். பின்பு 1831-இல் ஜான் ஃபாஸ்ப்ரோக் என்னும் ஆங்கில வைத்தியர், கொல்லர்களின் செவி ஓசையால் மெல்ல மெல்லக் கெடுகிறது என்று லான்ஸெட் பத்திரிகையில் எழுதினார். ஆயினும் இவையெல்லாம் கண்ணால் கண்டதைச் சொன்ன சாட்சியங்கள். எண்ணி, ஒப்பிட்டு, நிரூபித்தவை அல்ல.

அந்தக் காரியத்தைச் செய்தவர் கிளாஸ்கோ நகரில் காது நோய்களுக்கு வைத்தியம் செய்துவந்த தாமஸ் பார். 1886-ஆம் வருஷம் அவர் அந்நகரத் தத்துவ சங்கத்தின் முன் சமர்ப்பித்த ஆராய்ச்சி, அதன் எளிமையினாலேயே என் மதிப்பில் உயர்ந்து நிற்கிறது. ஓசையை அளக்க அன்று கருவி கிடையாது. டெசிபல் என்ற அளவையே இன்னும் நாற்பது வருஷம் கழித்துத்தான் பிறந்தது. செவியின் கூர்மையை அளக்கும் மின்சாரக் கருவியும் இல்லை. பார் கையில் எடுத்துக்கொண்டது ஒரு சட்டைப்பைக் கடிகாரம். அதன் டிக் டிக் ஓசை எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று ஒவ்வொரு தொழிலாளியின் ஒவ்வொரு காதையும் அவர் சோதித்தார். கொதிகலத் தொழிலாளர் நூறு பேர். இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளர் நூறு பேர். தபால்காரர் நூறு பேர். கொதிகலத் தொழிலாளரை மட்டும் சோதித்திருந்தால், ‘உழைப்பாளி மக்களுக்கு வயது ஏற ஏறக் காது மந்தமாவது இயல்பே’ என்று யாரேனும் ஆக்ஷேபித்திருக்கக் கூடும். ஓசைக்கு ஆளாகாமல் தெருத் தெருவாக நடந்து பிழைத்த தபால்காரரை எதிரே நிறுத்தியதால், அந்த ஆக்ஷேபத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

கொதிகலத் தொழிலாளர் நூறு பேரில், பழுதற்ற செவியுடையவர் ஒருவர்கூட இல்லை. பார் கடிகாரத்தோடு நிற்கவில்லை. வாழ்க்கையில் அந்த ஊனம் எங்கே உறுத்துகிறது என்பதையும் விசாரித்தார். பொதுக்கூட்டத்தில் பேசுவோர் சொல்வதைக் கேட்டு விளங்கிக்கொள்ள முடிகிறதா என்று கேட்டபோது, சிரமப்படுகிறோம் அல்லது கேட்கவே இல்லை என்றவர்கள் கொதிகலத் தொழிலாளரில் 75 பேர். வார்ப்பாலைக்காரரில் 12 பேர். தபால்காரரில் 8 பேர். தொழிற்சங்கமும் தேவாலயப் பிரசங்கமும் அரசியல் கூட்டமுமே அக்காலத்து ஸ்காட்லாந்துத் தொழிலாளியின் அறிவுலகம். நான்கில் மூன்று பேர் அந்த உலகத்தின் வாசலிலேயே நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பதுதான் அந்த 75 என்ற எண்ணின் பொருள். எண்களால் பேசும் ஆராய்ச்சிகள் எத்தனையோ உண்டு. ஒரு மனிதனிடமிருந்து எது பறிபோயிற்று என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டியவை சிலவே.

உட்செவியில் நிகழ்வதைப் பிற்காலத்து அறிஞர்கள் விளக்கினார்கள். இத்தாலியரான அல்ஃபோன்ஸோ கார்ட்டி 1851-இல் வர்ணித்த நுண்ணிய உறுப்பு, நத்தைச் சுருள் எனப்படும் எலும்புக்குள் இருக்கிறது. அதில் ஒவ்வொரு காதுக்கும் ஏறத்தாழ பதினையாயிரம் மயிர்க்கலங்கள் உள்ளன. ஓசையின் அசைவை நரம்பின் செய்தியாக மாற்றுபவை அவையே. 1890-இல் ஹேபர்மான் என்னும் வைத்தியர், வாழ்நாளெல்லாம் உலோகம் தட்டி இறந்த ஒரு முதியவரின் உட்செவியை ஆராய்ந்து, அந்தச் சுருளின் அடிப்பகுதியில் அவ்வுறுப்பு அழிந்திருப்பதைக் கண்டார். நல்ல மழையில் சாய்ந்த நெற்பயிர் மறுநாள் வெயிலில் நிமிர்ந்துவிடும், நாள்தோறும் பெய்யும் மழையில் சாய்ந்தது அழுகிப்போகும். மயிர்க்கலங்களின் கதியும் அதுதான். முதல் நாள் வேலை முடிந்து வெளியே வருகிறவனுக்குக் காது அடைத்தாற்போல் இருந்து, விடிவதற்குள் தெளிந்துவிடும். மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் அவ்வாறே நடக்கும்போது, ஒருநாள் தெளியாமலே நின்றுவிடும். மனிதரில் ஒருமுறை மடிந்த மயிர்க்கலம் மறுபடி முளைப்பதில்லை.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. முதலில் கெடுவது உச்ச ஸ்தாயியைக் கேட்கும் பகுதி. நொடிக்கு நாலாயிரம் அதிர்வுகளை ஒட்டிய இடம். சாதாரணப் பேச்சின் உயிரோசைகள் அதற்குக் கீழே இருப்பதால், தன் செவி பழுதுபட்டது என்பதே அந்த மனிதனுக்குத் தெரியாது. பிறர் பேசுவது அவனுக்குக் கேட்கிறது. ஆனால் சகரமும் தகரமும் பகரமும் தேய்ந்து போவதால், என்ன பேசுகிறார்கள் என்பது விளங்கவில்லை. ‘வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்’ என்று அவன் பிறர்மேல் குறைபடுகிறான். ‘கவனமில்லாதவன்’ என்று பிறர் அவன்மேல் குறைபடுகிறார்கள். ரத்தம் சிந்தாமல், வலியும் இல்லாமல், பத்துப் பதினைந்து வருஷத்தில் மெல்ல வந்து சேரும் ஊனத்துக்கு நியாயம் கேட்பது எவ்வளவு கடினம் என்பதைப் பின்னால் நடந்தவை காட்டின.

1906-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தை விஸ்தரித்து, விபத்துகளோடு சில தொழில் நோய்களையும் அதில் சேர்த்தது. வேறு எந்தெந்த நோய்களைச் சேர்க்கலாம் என்று ஆராய ஹெர்பர்ட் சாமுவேல் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1907-இல் அது கொதிகலத் தொழிலாளரின் செவிட்டையும் பரிசீலித்தது. அந்த ஊனம் தொழிலால் வருவது என்பதில் குழுவுக்குச் சந்தேகமில்லை. ஆனால் செவிடானவன் தன் தொழிலைத் தொடர்ந்து செய்யச் சக்தியுள்ளவனாகவே இருக்கிறான். கூலி சம்பாதிக்கும் திறமை குன்றவில்லை. ஆகவே நஷ்டஈட்டுக்கு இடமில்லை என்று அது தீர்மானித்தது. சட்ட நியாயத்தின் கண்கொண்டு பார்த்தால் அந்தத் தர்க்கத்தில் பிழை காண்பது அரிது. மனிதன் என்பவன் கூலி சம்பாதிக்கும் கரங்கள் மட்டுமே என்று ஒப்புக்கொண்டால், கொதிகலத்துக்குள் இருப்பவனுக்குச் செவி எதற்கு? மனைவியின் பேச்சும், பேரக்குழந்தையின் மழலையும், பிரார்த்தனைக் கீதமும் அந்தக் கணக்கில் வரமாட்டா. பார் எடுத்துக்காட்டிய உண்மை மறுக்கப்படவில்லை. அது ஏற்றுக்கொள்ளப்பட்டே தள்ளுபடியாயிற்று. இதைவிட அது மறுக்கப்பட்டிருந்தாலே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. மறுப்பை மறுபடி வாதாடி வெல்லலாம்.

ஓசைக்கு இரையானவர்கள் ஆண்கள் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. கிளாஸ்கோவுக்கு வடகிழக்கே உள்ள டண்டி நகரம், வங்காளத்திலிருந்து போன சணலை நெய்து செழித்த ஊர். அங்கே தறிக்கொட்டகைகளில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். தறிகளின் இரைச்சலில் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேளாததால், அவர்கள் உதட்டசைவைப் பார்த்தும் கைச்சாடை காட்டியுமே பேசிக்கொண்டார்கள். லங்காஷயரின் பருத்தி ஆலைகளிலும் அதே வழக்கம் இருந்தது. அந்தச் சாமர்த்தியத்தைப் புகழ்ந்து எழுதியவர்கள் உண்டு. அதற்கு அந்தப் பெண்கள் கொடுத்த விலையை 1965-இல் வெளியான ஓர் ஆராய்ச்சிதான் அளந்து காட்டிற்று. டண்டியின் தறிகள் அரை நூற்றாண்டாக மாறாதிருந்தன. ஆகவே ஐம்பது வருஷத்துக்கு முன் வேலைக்கு வந்த கிழவியும் நேற்று வந்த பெண்ணும் கேட்ட இரைச்சல் ஒன்றே, நூறு டெசிபலை ஒட்டியது. ஆராய்ச்சியாளருக்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. முதல் பத்துப் பதினைந்து வருஷத்தில் உச்ச ஸ்தாயி கெட்டு, பிறகு சிலகாலம் கேடு நின்றாற்போல் தோன்றி, இருபது இருபத்தைந்து வருஷத்துக்குப் பின் பேச்சைக் கேட்கும் பகுதியையே அது தாக்குகிறது என்று அவர்கள் கண்டார்கள். நடுவில் வரும் அந்தப் பொய்யான அமைதிக் காலத்தில்தான் எத்தனை பெண்கள், ‘பழகிவிட்டது’ என்று தங்களைத் தேற்றிக்கொண்டிருப்பார்கள்!

பகலின் ஓசை இரவிலும் அவர்களை விடவில்லை. மடிந்த மயிர்க்கலங்களின் இடத்தில், வெளியே இல்லாத ஓர் ஓசை பிறந்து, சீழ்க்கை போலவும் இரைச்சல் போலவும் காதுக்குள் ஒலித்துக்கொண்டே இருப்பது இந்நோயின் இயல்பு. தெரு அடங்கிப் படுக்கையில் சாய்ந்ததும் அது ஓங்குகிறது. இரவைப் பற்றி இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது பாரின் காலத்தில் தெளிவாக அறியப்படாதது. உரக்கக் குறட்டை விட்டு, இடையிடையே தொண்டை அடைபட்டு மூச்சு நின்று, திணறி விழித்து மறுபடி உறங்கும் வியாதியை நம் காலத்தில் ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். எப்போதும் தூங்கி வழியும் பருத்த பையன் ஒருவனை டிக்கன்ஸ் 1837-இல் முடித்த பிக்விக் நாவலில் படைத்திருந்தார். 1956-இல் அமெரிக்க வைத்தியர்கள் அந்த நாவலின் பெயரையே ஒரு நோய்க்குச் சூட்டினார்கள். உறங்கும்போது மூச்சு நிற்பதை 1965-இல் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் தனித்தனியே பதிவு செய்தார்கள். முகமூடியின் வழியே காற்றைச் செலுத்தி மூச்சுக்குழாயைத் திறந்துவைக்கும் உபாயத்தை ஆஸ்திரேலியாவின் காலின் ஸல்லிவன் 1981-இல் வெளியிட்டார்.

இந்த நோய்க்கும் செவிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நத்தைச் சுருள் பிராணவாயுவை மிகுதியாக வேண்டி நிற்கும் உறுப்பு. அதற்கு ரத்தம் கொண்டுவரும் நாளமோ ஒன்றே, அது தளர்ந்தால் கைகொடுக்க வேறு நாளமில்லை. இரவெல்லாம் விட்டு விட்டு ரத்தத்தில் பிராணவாயு குறையும்போது, பகலில் ஓசையால் அடிபட்ட மயிர்க்கலங்கள் தேறிக்கொள்ள வேண்டிய நேரத்தில் பட்டினி கிடக்கின்றன என்ற ஊகத்துக்கு உடற்கூற்று சாஸ்திரத்தில் ஆதாரம் இருக்கிறது. ஓசையில் வேலை செய்வோரிடம் இதை ஆராய்ந்தவர்கள் ஒரே முடிவுக்கு வந்துவிடவில்லை. வயதும் உடற்பருமனும் ரத்த அழுத்தமும் புகையிலையும் இரண்டு நோய்களுக்கும் பொதுவாக இருப்பதால், எது எதற்குக் காரணம் என்று பிரித்தெடுப்பது கடினம். ஆனால் ஒன்றை நிச்சயமாகச் சொல்லலாம். இரவில் உறக்கம் கெட்டு, பகலில் கண்ணயர்ந்து, எச்சரிக்கை மணியும் காதில் விழாத ஒரு மனிதன் யந்திரங்களுக்கு நடுவே நிற்பது அபாயம். அவனுடைய செவியைச் சோதிக்கிறவர்கள் அவனுடைய உறக்கத்தையும் விசாரிப்பது கடமை.

பிரிட்டனில் நியாயம் மிக மெதுவாகவே வந்தது. 1963-இல் தொழிலாளர் அமைச்சகம், ஓசையும் தொழிலாளியும் என்ற பொருளில் ஒரு சிறு நூலை வெளியிட்டு முதலாளிகளை எச்சரித்தது. 1972-இல் எட்டு மணி நேரத்துக்குத் தொண்ணூறு டெசிபல் என்ற எல்லையை வகுத்து ஒரு வழிகாட்டி வந்தது. தொழில்வழிச் செவிடு நஷ்டஈட்டுக்குரிய நோயாக ஒப்புக்கொள்ளப்பட்டது 1974-இல். அதுவும் குறிப்பிட்ட தொழில்களில் இருபது வருஷம் இருந்தவர்களுக்கு மாத்திரம். பார் தம் ஆராய்ச்சியைச் சமர்ப்பித்து அப்போது 88 வருஷங்கள் கடந்திருந்தன. ரிவெட் சம்மட்டிகள் ஓய்ந்து வெல்டிங் வந்துவிட்டது. அந்தத் தளங்களில் பல மூடப்பட்டுக்கொண்டிருந்தன. பிறகு 1984-இல், கப்பல் செப்பனிடும் தொழிலாளர் சிலர் தொடுத்த வழக்கில் நீதிபதி மஸ்டில் தீர்ப்புக் கூறினார். 1963-க்கு முன் ஓசையைத் தொழிலின் தவிர்க்க முடியாத அம்சமாக எல்லோருமே கருதியதால், அதற்கு முன் விளைந்த கேட்டுக்கு முதலாளிகள் பொறுப்பல்லர் என்பதும், அதற்குப் பின் விளைந்த பகுதிக்கே பொறுப்பு என்பதும் அத்தீர்ப்பின் சாரம். அந்தத் தொழிலாளர்களின் செவி பெரும்பாலும் கெட்டது 1963-க்கு முன்னாலேயே. ரமஸினியும் ஃபாஸ்ப்ரோக்கும் பாரும் எழுதிவைத்த அறிவு, அந்த மனிதர்களுக்கு உதவும்படி ஒருபோதும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

கிளைட் நதிக்கரை ஓய்ந்துவிட்டது என்பதால் இந்தச் சரித்திரம் முடிந்துவிடவில்லை. தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு அருகே பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது, நீராவி எஞ்சின்களின் கொதிகலத்தைச் செப்பனிடும் வேலையும் அதனோடு வந்தது. ரிவெட்டும் உளியும் சம்மட்டியும் அங்கேயும் பேசின. தறிக்கூடங்களும், தகடு அடிக்கும் பட்டறைகளும், கல் உடைக்கும் யந்திரங்களும் இன்று நம் ஜில்லாக்கள் எங்கும் பரவியிருக்கின்றன. 1948-ஆம் வருஷத்து நம் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களுள் ஓசையால் வரும் செவிக் கேடும் ஒன்றாக இடம்பெற்றிருந்தது. நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் அது இருந்தது. பிரிட்டிஷ் தொழிலாளி 1974 வரை காத்திருந்து பெற்ற உரிமை நம் தொழிலாளிக்குக் காகிதத்தில் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவதற்கு, தன் செவி எப்போது, எவ்வளவு கெட்டது என்ற சான்று அவன் கையில் இருக்க வேண்டும். வேலையில் சேரும்போது ஒருமுறையும் பின்பு வருஷந்தோறும் எடுக்கும் ஆடியோகிராம் என்னும் செவிச் சோதனைப் பதிவுதான் அந்தச் சான்று.

இதை வாசிப்போர் வீட்டில் ஓசை மிகுந்த பட்டறையிலோ ஆலையிலோ வேலை செய்பவர் இருந்தால், அவர் ரேடியோவை உரக்க வைக்கிறாரா, கேட்டதையே திரும்பக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். இரவில் அவருடைய குறட்டை நடுவே அறுந்து மூச்சு நிற்கிறதா என்றும் கவனியுங்கள். இருக்குமானால், தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று இருந்துவிடாமல், அரசாங்க ஆஸ்பத்திரியின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அவரை அழைத்துச் சென்று இரண்டையும் சொல்லுங்கள். செவிச் சோதனையின் முடிவைத் தேதியோடு எழுதி வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.